அரிதா தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள்

ஜப்பானியப் பீங்கான் தட்டு ஒன்று கையில் கிடைத்தால் முதலில் அதைக் கவிழ்த்துவிட வேண்டும். மேல்பக்கத்து ஓவியம் வாங்குபவர் கண்ணுக்காகத் தீட்டியது. எந்தக் கல்லை இடித்தார்கள், எப்படி வனைந்தார்கள், சூளையில் எதன்மேல் உட்கார வைத்தார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பதெல்லாம் கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது. அடிவளையத்தின் அகலம், கிளேஸ் எனும் கண்ணாடிப் பூச்சு படாத விளிம்பின் நிறம், வளையத்துக்குள் தெரியும் சின்னச் சின்னத் தழும்புகள் ஆகிய மூன்றையும் படிக்கத் தெரிந்தால், கையெழுத்தோ முத்திரையோ இல்லாமலேயே காலத்தை ஓரளவு ஊகித்துவிடலாம்.

இங்கே பேசப்போவது அரிதா பீங்கானைப் பற்றி. க்யூஷூ தீவின் சாகா மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் சின்ன ஊர் அது. ஏலப் பட்டியல்களிலும் அருங்காட்சியகப் பலகைகளிலும் ‘இமாரி’ என்று எழுதியிருப்பதும் பெரும்பாலும் இதே சரக்குதான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வடக்கே இருக்கும் இமாரி துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. காகியெமோன், நபேஷிமா என்று தனித்தனியாகப் பேசப்படுபவையும் இந்த வட்டாரத்தில் பிறந்தவைதான்.

கல்லிலிருந்து தொடங்க வேண்டும்

பீங்கான் என்றால் வெள்ளைக் களிமண் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஐரோப்பியக் கலவைக்கு அது பொருந்தும்: ஏறக்குறைய பாதி கயோலின் என்ற வெள்ளைக் களிமண், மீதியில் ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் சரிபாதி. அரிதாவில் மூலப்பொருள் களிமண் அல்ல, கல். எரிமலைப் பாறையைப் பூமிக்கடியில் வெந்நீர் நெடுங்காலம் அரித்து உருமாற்றியதால் உண்டான வெளிர் கல். அதில் குவார்ட்ஸ் மிகுதி. கூடவே செரிசைட் என்ற மிக நுண்ணிய மைக்கா இருக்கிறது. தண்ணீர் சேர்த்தால் மண்ணுக்குக் குழைவு தருவது இந்தச் செரிசைட்தான். அதிலுள்ள பொட்டாசியம் உச்சச் சூட்டில் குவார்ட்ஸை உருக்கிக் கண்ணாடியாக்கவும் செய்கிறது. ஆகவே ஒரே கல்லை இடித்துக் கரைத்தால் போதும், வேறெதுவும் சேர்க்காமலே பீங்கான் கிடைத்துவிடும்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. இந்தக் கல்லில் முக்கால் பங்குக்கு மேல் சிலிக்கா. அலுமினா சுமார் 15 சதவீதம்தான். அலுமினாதான் சூட்டில் பாண்டத்தின் எலும்பு. அது குறைந்தால் 1300 டிகிரியில் தட்டின் நடுப்பகுதி தொய்ந்து இறங்கும், விளிம்பு கோணும். களிமண் கலவையைவிடக் குழைவும் குறைவு. தொய்வு, குழைவுக் குறைவு என்ற இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அரிதா குயவர்கள் நானூறு வருடமாகச் செய்துவரும் பாதி வேலை இவற்றைச் சமாளிக்கத்தான்.

அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி 1592க்கும் 1598க்கும் இடையே கொரியாமீது இரண்டு முறை படையெடுத்தார். திரும்பிய படைத்தலைவர்கள் கொரியக் குயவர்களைக் குடும்பத்தோடு பிடித்துவந்தார்கள். சாகாவை ஆண்ட நபேஷிமா வம்சத்தார் கொண்டுவந்தவர்களில் ஒருவர் யீ சாம்பியோங். ஜப்பானில் கனகாயே சன்பேய் என்று பெயர் மாறியவர். அவர் 1616இல் அரிதாவின் இஸுமியாமாவில் பீங்கான் கல்லைக் கண்டார் என்பது ஊரின் நம்பிக்கை. அகழாய்வு இதைக் கொஞ்சம் சிக்கலாக்குகிறது. அரிதாவின் மேற்குப் பகுதியில், சாதாரணக் கல்மண் பாண்டங்கள் சுட்ட சூளைகளிலேயே 1610களில் பீங்கானும் சேர்த்துச் சுட்டிருக்கிறார்கள். ஒரு மனிதர் ஒரு நாளில் கண்டுபிடித்த கதையைவிட, பல கொரியக் குடும்பங்கள் பல சூளைகளில் முட்டி மோதிக் கற்ற கதையே எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. இஸுமியாமாவில் இன்று மலை இல்லை; வெட்டி எடுத்ததுபோகப் பெரிய பள்ளம்தான் மிச்சம்.

1637இல் சாகா சிற்றரசு ஒரு கடுமையான உத்தரவு போட்டது. சூளைக்கு விறகு வெட்டியே மலைகள் மொட்டையாகின்றன என்று காரணம் சொல்லி, 826 ஜப்பானியக் குயவர்களை வெளியேற்றியது. சூளைத் தளங்களைப் பதின்மூன்றாகக் குறைத்தது. காட்டைக் காத்தது உண்மைதான். கூடவே, சாதாரண மண்பாண்டக்காரர்கள் ஒதுங்கிப் பீங்கான் தொழில் அரசின் கைப்பிடிக்குள் வந்தது. விறகுக் கணக்குதான் காரணமா, வரிக் கணக்குதான் காரணமா என்று கேட்டால், இரண்டையும் பிரிக்க முடியாது என்பேன்.

இஸுமியாமா கல்லில் இரும்பு சற்று அதிகம். இரும்பு என்றால் மஞ்சள் சாயல், கரும்புள்ளி. குமாமோத்தோவின் அமாகுசா தீவுகளில் கிடைக்கும் கல் வெண்மையிலும் வனையும் பதத்திலும் இதைவிட மேல். 1771லேயே ஹிராகா கென்னாய் என்ற அறிஞர் அதை ஒப்பற்ற கல் என்று புகழ்ந்து எழுதியிருக்கிறார். 1868இல் தொடங்கிய மெய்ஜி காலத்துக்குப்பின் அரிதா பெரும்பாலும் அமாகுசா கல்லுக்கே மாறிவிட்டது. இன்று வாங்கும் அரிதா கோப்பையின் உடல் பெரும்பாலும் வேறு மாகாணத்திலிருந்து வந்தது.

இடித்து, கரைத்து, பிசைந்து

கல்லை இடிக்க முன்பு நீர் உலக்கை. நீண்ட மரத்தின் ஒரு முனையில் குழி, மறுமுனையில் உலக்கை. ஓடைநீர் குழியை நிரப்பியதும் அந்த முனை தாழ்ந்து நீர் கொட்டும். உடனே உலக்கை விழுந்து கல்லை நொறுக்கும். இரவும் பகலும் ஆளில்லாமல் ஓடும். இப்போது அதே வேலையை மின்சார உலக்கை வரிசை செய்கிறது. அரைவை இயந்திரத்தில் ஒரே சீராக மாவாக்குவதைவிட இடிப்பதே மேல் என்று மண் தயாரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இடித்த மாவில் பெரிதும் சிறிதுமான துகள்கள் கலந்திருக்கும். சிறியவை பெரியவற்றின் இடைவெளியை நிரப்புவதால் மண் இறுக்கமாக நிற்கும்.

இடித்த மாவைத் தொட்டியில் கரைத்துக் கலக்கி, கனமான துகள் அடியில் தங்கியதும் மேலே மிதக்கும் பால்நீரை அடுத்த தொட்டிக்கு மாற்றுகிறார்கள். காந்தம் வைத்து இரும்புத் துகளை இழுத்தபின், அழுத்தித் தண்ணீரைப் பிழிகிறார்கள். இந்தப் படியில் கவனம் தப்பினால் இரண்டு விதமாகக் கெடும். துகள் கொரகொரவென்று இருந்தால் வனையும்போது விளிம்பு கிழியும். மிக நுண்ணியதாகிவிட்டால் சுருக்கம் கூடி, காயும்போதே வெடிப்பு விழும். பிழிந்த மண்ணை ஈரம் போகாமல் மூடி ஊறவைத்துப் பிறகு சுழற்றிச் சுழற்றிப் பிசைகிறார்கள். உள்ளே ஒரு காற்றுக் குமிழ் தங்கினாலும் அது கடைசிச் சூட்டில் கொப்புளமாக வீங்கும். அதுவரை கண்ணுக்குத் தெரியாது.

வனைதல்

அரிதாவில் விரலை மட்டும் நம்பி வனைவதில்லை. நீண்டு வளைந்த மரத்தகடுகளைக் கொண்டு மண்ணை அமுக்கித் தேய்த்தே வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். காரணம் எளிது. பக்கச் சுவரை மேலே இழுக்கும்போது அங்கே மண் தானாக அழுந்திவிடும். அடிப்பகுதியின் நடுவில் யாரும் அழுத்துவதில்லை. தளர்ந்து கிடக்கும் அந்த நடு, காயும்போது சுற்றுப்புறத்தைவிட அதிகமாகச் சுருங்கி, வளைந்து நெளிந்த ஒரு கீறலாகப் பிளக்கும். சில நேரம் காயும்போதே தெரிந்துவிடும். சில நேரம் முதல் சூட்டிலும் பிழைத்து, கடைசிச் சூட்டில் வாய் பிளக்கும். ஆகவே தட்டு வனையும்போது மரத்தகட்டால் நடுவிலிருந்து வெளியே, வெளியிலிருந்து நடுவே என்று திரும்பத் திரும்ப அழுத்துவது அலங்காரமல்ல, கட்டாயம். விளிம்பையும் ஈரத் தோலால் நீவி இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் மயிரிழைக் கீறல் விளிம்பிலிருந்து கீழே இறங்கும்.

சுருக்கக் கணக்கு: ஈர மண்ணிலிருந்து சுட்ட பீங்கான்வரை நீளவாக்கில் சுமார் 15 சதவீதம். 21 செ.மீ. தட்டு வேண்டுமென்றால் சக்கரத்தில் கிட்டத்தட்ட 24.7 செ.மீ. இருக்க வேண்டும். மூடியும் பாத்திரமும் ஒரே மண் கட்டியிலிருந்து, ஒரே நாளில், ஒரே ஈரத்தில் வனையவேண்டும் என்பது இதனால்தான். நாள் மாறினால் மூடி உட்காராது.

இன்னொரு விசித்திரம், பீங்கான் மண்ணுக்கு ஞாபகம் உண்டு. சக்கரம் சுற்றிய திருகலை உடலில் வைத்திருந்து, சூளையில் அதைக் கொஞ்சம் அவிழ்த்துக்கொள்ளும். தேநீர்க் கெண்டிக்கு மூக்கை நேராக ஒட்டினால், சுட்டபின் அது சற்றுத் திரும்பியிருக்கும். தேர்ந்தவர்கள் மூக்கின் வாயை எதிர்ப்பக்கம் இம்மியளவு சாய்த்தே வெட்டி ஒட்டுகிறார்கள்.

பாதி காய்ந்ததும் சக்கரத்தில் கவிழ்த்து, வளைத்த இரும்புத் தகட்டால் சீவி அடிவளையம் எடுக்கிறார்கள். அரிதாவின் முதல் முப்பது நாற்பது வருடத்துத் தட்டுகளில் அடிவளையம் தட்டின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான். தாங்கும் வளையம் சிறிதாக இருந்தால் உள்ளே தொங்கும் பரப்பும் சிறிது, தொய்வும் குறைவு. ஆனால் வளையத்துக்கு வெளியே நீளும் சரிவு தாங்கமாட்டாது, அதனால் அதைத் தடியாக விடவேண்டும். கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனமாக, சற்றுக் குவிந்து இருக்கும் பழைய நீலத் தட்டின் அடியைப் பாருங்கள், வளையம் சின்னதாக இருக்கும். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் வளையம் அகன்று உடல் மெலிகிறது. அப்போது தொய்வுக்கு வேறு விடை கண்டுபிடித்திருந்தார்கள். சூளைப் பகுதியில் அதைச் சொல்கிறேன்.

நீலம்

தொடக்கக் காலத்தில் முதல் சூடு கிடையாது. காய்ந்த பச்சை மண்ணிலேயே படம் தீட்டி, கிளேஸில் முக்கி, ஒரே முறை சுட்டார்கள். பச்சை மண் தண்ணீரைக் குடித்தால் இளகும், அதனாலும் சுவர் தடியாக இருக்கவேண்டியிருந்தது. அந்தக் காலத்துப் பாண்டங்களில் அடிப்பக்கத்தைப் பிடித்து முக்கிய விரல்களின் தடம் கிளேஸ் இல்லாத வெற்றிடமாகத் தெரியும். பின்னர் 900 டிகிரி சுமாருக்கு ஒரு முதல் சூடு வழக்கமானது. அதில் பாண்டம் கெட்டியாகும், ஆனால் நீர் உறிஞ்சும் தன்மை போகாது.

ஒரே படத்தை நூறு தட்டில் தீட்ட ஒரு வழி இருக்கிறது. மெல்லிய ஜப்பானியத் தாளில் சுரைக்காய்க் கரி கலந்த மையால் வரைந்து, வரைந்த பக்கத்தைத் தட்டின்மேல் வைத்துப் பின்னாலிருந்து தேய்த்தால், மங்கலான கோடு தட்டில் பதியும். ஒரு முறை வரைந்தால் பல தட்டுகளுக்கு வரும். கரி சூளையில் எரிந்து காணாமல் போய்விடும். நிற்பது அதன்மேல் இழுத்த நீலம் மட்டும்.

நீலத்துக்கு கோஸு என்ற கோபால்ட் தாதுப்பொடி. பழைய காலத்தில் சீனாவிலிருந்து வந்த இயற்கைத் தாது. அதில் மாங்கனீஸும் இரும்பும் கலந்திருக்கும். பழைய பாண்டங்களில் தெரியும் அந்த அடங்கிய, சாம்பல் ஓடிய நீலம் இந்தக் கலப்படத்தின் கொடை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த ரசாயனக் கோபால்ட் சுத்தமானது. அதனாலேயே கண்ணைக் குத்தும். பொடியைக் கல்வத்தில் நீண்ட நேரம் அரைத்து, தண்ணீருக்குப் பதில் காய்ச்சிய பச்சைத் தேயிலைச் சாறில் கரைக்கிறார்கள். தேயிலையின் துவர்ப்பு துகளைச் சீக்கிரம் அடியில் தங்கவிடாது. காய்ந்த கோடு அடுத்த பூச்சில் கரைந்து கலையாமல் இருக்கவும் உதவும்.

கோடு போட்டபின் உள்ளே நிறம் நிரப்புவதற்கு தாமி என்று பெயர். அரிதாவில் இது வழிவழியாகப் பெண்கள் செய்த வேலை. ஓவியம் கற்றவர்கள்கூட இங்கே தடுமாறுவார்கள். தூரிகை கைப்பிடி அளவு பருமன், நிறையச் சாயநீர் குடிக்கும். தட்டைச் சாய்த்துப் பிடித்து, தூரிகையை விரலால் பிழிந்து ஒரு குளம்போல நீரை விட வேண்டும். பிறகு அந்தக் குளத்தைத் தூரிகை முனையால் இழுத்துக்கொண்டே கோட்டின் ஓரம்வரை நடத்த வேண்டும். முனை தட்டைத் தொட்டும் தொடாமலும் போகவேண்டும். முதல் சூடு கண்ட மண் நீரை நொடியில் குடித்துவிடுவதால், குளம் ஓரிடத்தில் நின்றால் அங்கே கருத்த திட்டு விழும். கோட்டைத் தாண்டினால் துடைக்க முடியாது, சுரண்டினாலும் நிழல் நிற்கும். மிஞ்சிய நீரைத் தூரிகையின் பிடியைத் தளர்த்தி மீண்டும் உறிஞ்சி எடுத்துக்கொள்வார்கள். ஒரே பாண்டத்தில் மூன்று நான்கு அடர்த்தி நீலம் பார்த்தால், அத்தனை கிண்ணத்துச் சாயநீரில் தனித்தனியாக ஓட்டிய குளங்கள் அவை.

நீலம் அடர்ந்து படிந்தால் இன்னொரு தொல்லை. சூட்டில் அது நீலமாக நிற்காமல் கறுத்து உலோகப் பளபளப்பு காட்டும், அல்லது மேலுள்ள கிளேஸ் ஒதுங்கிச் சுருண்டுவிடும்.

கிளேஸும் அதே கல்தான். உருக வைக்க அதோடு இஸு என்ற மரத்தின் சாம்பல். இஸு சாம்பலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, இரும்பு குறைவு. வேறு மரச் சாம்பல் போட்டால் பச்சை ஏறிவிடும். முக்கி எடுப்பது சில நொடி வேலை. தடித்தால் நீலக் கோடு பனிமூட்டத்துக்குள் போகும். மெலிந்தால் கோடு கருத்துச் சொரசொரக்கும். கையில் எண்ணெய்ப் பிசுக்கோ பாண்டத்தில் தூசியோ இருந்தால் அந்த இடத்தில் கிளேஸ் ஒட்டாது. கடைசியாக அடிவளையத்தை ஈரப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். துடைக்கத் தவறினால் தட்டும் அது உட்கார்ந்த பலகையும் ஒன்றாகிவிடும்.

சூளை

பழைய சூளை மலைச்சரிவில் ஏறும் அறைகளின் வரிசை. கீழறையின் அனல் மேலறையைச் சூடாக்கிக்கொண்டே ஏறும், பிறகு ஒவ்வோர் அறைக்கும் பக்கவாட்டில் விறகு போட்டு முடிப்பார்கள். விறகு பைன் மரம். நீண்ட சுடர் தருவது. அண்டை ஊரான ஹஸாமியில் 160 மீட்டர் அளவுக்கு நீண்ட சூளைகளின் எச்சங்கள் இருக்கின்றன. அரிதா தெருக்களில் கிளேஸ் உருகிப் படிந்த செங்கற்களால் கட்டிய மதில்கள் தெரியும். பிரித்துப்போட்ட சூளையின் கற்கள் அவை.

சுருங்கும் தட்டைச் சுருங்காத பலகையில் வைத்தால் என்ன ஆகும்? அடிவளையம் உராய்ந்து மாட்டிக்கொள்ளும்; ஒரு பக்கம் நகரும், மறுபக்கம் நகராது; தட்டு கோணிவிடும். விடை: ஹாமா எனும் வில்லை. தட்டுக்குப் பயன்படுத்திய அதே மண்ணால் செய்த, சுடாத வட்டத் தட்டை. தட்டோடு அதுவும் அதே அளவு சுருங்கும். ஒரே முறைதான் பயன்படும், பிறகு குப்பை. இந்தச் சின்ன வில்லையை நான் அரிதாவின் மிகச் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாகவே நினைக்கிறேன். அருங்காட்சியகத்தில் யாரும் அதன்முன் நிற்பதில்லை என்பது வேறு விஷயம்.

நடுத் தொய்வுக்கு விடை, அதே மண்ணில் பிடித்த சின்னக் கூம்புகள். வளையத்துக்குள் தட்டின் அடியை முட்டுக்கொடுத்துத் தாங்குமாறு இவற்றை ஒட்டிவைக்கிறார்கள். சிறிய தட்டுக்கு ஒன்று, பெரியதற்கு மூன்று, ஐந்து அல்லது அதற்கு மேலும். சுட்டபின் தட்டி உடைத்தால் அரிசிமணி அளவுக்குத் தழும்பு நிற்கும். தொடக்கத்தில் சொன்ன தழும்புகள் இவைதான். சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டஜென்னின் தட்டுகளில் இவற்றைப் பொதுவாகக் காண முடியாது. அங்கே மணல்மேல் சுட்டதால் அடிவளையத்தில் மணல் ஒட்டியிருக்கும். நீல-வெள்ளைத் தட்டு சீனமா ஜப்பானா என்ற சந்தேகத்துக்கு நான் முதலில் தேடும் தடயம் இதுதான். ஆனால் தழும்பு இல்லையென்பதால் அரிதா அல்ல என்று முடிவுகட்டக் கூடாது. சிறிய பாண்டங்களுக்கு முட்டுத் தேவைப்படுவதில்லை.

சூட்டின் போக்கு இப்படி. 900 டிகிரி தாண்டும்வரை காற்று தாராளமாக. உள்ளே உள்ள கரி எல்லாம் எரிந்து போகவேண்டும். 950 சுமாரில் காற்றைக் குறைத்து விறகை அதிகமாக்கி, புகையும் சுடரும் அறையை நிரப்புமாறு செய்கிறார்கள். ஆக்சிஜனுக்கு ஏங்கும் அந்தச் சுடர், மண்ணிலுள்ள இரும்பிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மஞ்சள் தரும் இரும்பு இளநீலச் சாயல் தரும் இரும்பாகிறது. இதெல்லாம் கிளேஸ் உருகி வாய் மூடுவதற்குள் நடக்க வேண்டும். தாமதித்தால் மஞ்சள் உள்ளேயே அடைபடும். அப்படி மஞ்சளோடிய தட்டுகள் சூளைக் குப்பைமேடுகளில் ஏராளம். மிக முந்தினாலோ மிகக் கடுமையாகப் புகைத்தாலோ கரி அடைபட்டு உடல் அழுக்குச் சாம்பலாகும். முடிவு 1280க்கும் 1300க்கும் இடையே. இருபது டிகிரி மிஞ்சினால் தொய்வு, குறைந்தால் கிளேஸில் பளபளப்பு வராது.

சிவப்பும் பொன்னும்

கிளேஸுக்கு மேலே வண்ணம் தீட்டும் வித்தை 1640களில் அரிதாவுக்கு வந்தது. முதலாம் சகாயிதா காகியெமோன் என்ற குயவரின் பெயரோடு அது சேர்த்துச் சொல்லப்படுகிறது. சீனத் தொழில்நுட்பம் நாகசாகி வழியாக வந்து சேர்ந்தது. பின்னர் சாகா சிற்றரசு வண்ணக்காரர்களை ஒரே தெருவில் குடியமர்த்தி, வீடுகளின் எண்ணிக்கையை வரையறுத்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் பதினாறு வீடுகள். ரகசியம் வெளியே போகாமல் இருக்க ஒரு தெருவையே பூட்டியதாகத்தான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வண்ணங்கள் ஈயம் கலந்த கண்ணாடிப் பொடி. பச்சைக்குச் செம்பு, மஞ்சளுக்கு இரும்பு, ஊதாவுக்கு மாங்கனீஸ். இவை தடித்துப் பூசப்படும். சுட்டபின் தொட்டால் மேடு தெரியும். சிவப்பு வேறு சாதி. அன்னபேதியைச் சுட்டுச் செந்தூளாக்கி, நீர் மாற்றி மாற்றி அமிலம் போகும்வரை கழுவி, மிகவும் நைசாக அரைத்த இரும்பு ஆக்சைடு. கண்ணாடி குறைவு, பூச்சு மெல்லியது. சுடுவது 800 டிகிரிக்குப் பக்கத்தில், தீ நேராகப் படாத உள்ளறையுள்ள சிறு சூளையில். சூடு மிஞ்சினால் சிவப்பு கறுத்துவிடும், குறைந்தால் விரலோடு வந்துவிடும். பச்சையும் மஞ்சளும் அளவுக்கு மீறித் தடித்தால் ஆறும்போது உடலும் வண்ணமும் வெவ்வேறு அளவில் சுருங்கிச் செதில் பெயரும். பொன் எல்லாவற்றுக்கும் கடைசி, இன்னும் குறைந்த சூட்டில். ஆகவே நீலமும் சிவப்பும் பொன்னும் உள்ள ஒரு இமாரிக் கிண்ணம் நான்கு முறை சூளை கண்டது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உடையும்.

காகியெமோன் சூளையின் தனிச்சரக்கு நிகோஷிதே என்ற வெண்மை. நீலச் சாயல் துளியும் இல்லாத, அரிசி களைந்த நீரின் நிறம். சிவப்பு அதன்மேல் விழுந்தால் எடுப்பாக நிற்கும். பாண்டத்தின் பாதிக்கு மேல் வெறுமையாக விடுவது அந்த வெண்மையைக் காட்டத்தான். ஆனால் அந்தக் கலவை சுருக்கம் மிகுந்தது, சூளையில் பிழைப்பது குறைவு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வழக்கம் அற்றுப்போய், 1953இல் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் தலைமுறைக் காகியெமோன்கள் மீட்டெடுத்தார்கள்.

வெளிநாட்டு வியாபாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1644இல் மிங் அரசு விழுந்து சீனச் சரக்கு தடைபட்டது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1650இல் கொஞ்சமாக அரிதா பக்கம் திரும்பி, 1659இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பாண்டங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. கம்பெனியின் எழுத்துகளை நடுவில் எழுதிய நீலத் தட்டுகள் அந்த வியாபாரத்தின் மிச்சம். சாக்சனியின் ஆகஸ்டஸ் மன்னர் வெறிபிடித்தாற்போல இவற்றைச் சேர்த்தார். 1710இல் தொடங்கிய அவருடைய மைசன் ஆலை காகியெமோன் ஓவியங்களை அச்சாகப் பிரதியெடுத்தது.

விற்பனைக்கே வராத பாண்டம்

நபேஷிமா பாண்டம் வேறு உலகம். ஓகாவச்சியாமா என்ற மலைக்குடைவில், காவல் சாவடிக்குப் பின்னால், சிற்றரசின் சொந்தச் சூளை. ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனுக்கும் பிரபுக்களுக்கும் கொடுக்கும் பரிசுக்காக மட்டுமே சுட்டது. தேறாததை உடைத்துப் புதைத்தார்கள். அளவுகள் நிலையானவை: ஏறக்குறைய 9, 15, 21, 30 செ.மீ. அடிவளையம் வழக்கத்துக்கு மாறாக உயரம், அதில் சுற்றிலும் சீப்புப் பல் வரிசை நீலத்தில். நல்ல காலத்துப் பாண்டத்தில் ஒவ்வொரு பல்லையும் மெல்லிய கோட்டால் வரைந்து, உள்ளே தாமி ஓட்டியிருப்பார்கள், இடைவெளி பிசகாது. பிற்காலத்தில் ஒரே இழுப்பில் பல்லைப் போட்டு முடித்துவிட்டார்கள். கீழ்ப்பக்கம்தானே என்ற அலட்சியம் எந்தத் தலைமுறையில் நுழைந்தது என்பது இந்தச் சீப்பில் தெரியும்.

அவர்களுடைய இன்னொரு வித்தை மை தடுப்பு. வெள்ளையாக நிற்கவேண்டிய கோடுகளை முதலில் எழுதும் மையால் வரைவார்கள். மையிலுள்ள பசை நீரை ஒட்டவிடாது. மேலே நீலம் ஓட்டினால் அந்தக் கோடுகளைவிட்டு ஒதுங்கும். பிறகு ஒரு முறை சுட்டால் மை எரிந்துபோய் வெள்ளைக்கோடு நிற்கும். அதன்பின்தான் கிளேஸ். ஒரு அலைக் கோட்டுக்காக ஒரு தனிச் சூடு! வியாபாரச் சூளையில் கணக்கப்பிள்ளை ஒத்துக்கொள்ளமாட்டார். 1871இல் சிற்றரசுகள் ஒழிந்தபோது இந்தச் சூளையும் நின்றது.

கவிழ்த்தால் தெரியும் எழுத்துகளுக்கு வருவோம். சீன மிங் அரசின் செங்ஹுவா ஆண்டுப் பெயர் எழுதிய அரிதா பாண்டங்கள் நிறைய. அதை நம்பிப் பதினைந்தாம் நூற்றாண்டு என்று வாங்கிவிடாதீர்கள். ஏமாற்றும் நோக்கமும் அதில் பெரும்பாலும் இல்லை, கௌரவத்துக்காகப் போட்டது. அமெரிக்கச் சட்டம் 1891 முதல் பிறந்த நாட்டின் பெயரைக் கேட்டதால், ஆங்கில எழுத்தில் ‘நிப்பான்’ என்று இருந்தால் அதற்குப் பிந்தியது. 1921க்குப்பின் ‘ஜப்பான்’ என்று மாறியது. கிளேஸ் இல்லாத வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். நெடுநாள் புழங்கிய பாண்டத்தில் அது தேய்ந்து வழவழப்பாகி, அழுக்கு மண்ணின் துகள்களுக்கு இடையே ஏறியிருக்கும். கறுப்புச் சாயம் தடவிய போலிப் பழமை ஈரத்துணியில் வந்துவிடும்.

புழங்குவதானால் சில விஷயங்கள். கிளேஸுக்கடியில் நீலம் மட்டும் உள்ள தட்டு எதையும் தாங்கும். கிளேஸுக்கு மேலே வண்ணம் உள்ள பழைய பாண்டத்தில் ஈயம் இருக்கும். புளி, எலுமிச்சை, வினிகர் சேர்ந்த உணவை அதில் வைக்க வேண்டாம். பொன் தீட்டியது மைக்ரோவேவில் பொறி பறக்கும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் மெல்ல மெல்ல மங்கிவிடும். தட்டுகளை அடுக்கும்போது நடுவில் ஒரு தாள் வையுங்கள், ஒரு தட்டின் வழித்துத் துடைத்த அடிவளையம் அடுத்த தட்டின் வண்ணத்தைச் சுரண்டிவிடும். புதிய தட்டாக இருந்தால் வளையத்தை நைசான ஈர உப்புத்தாளால் ஒரு சுற்றுத் தேய்த்துவிட்டு அடுக்குவது நல்லது.